மூன்றாவது பின்னை வெட்டிய வீடு

டிக். உம்ம்ம்ம். டிக்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இந்தச் சத்தம் என் காதில் விழுந்துவிடும். வீட்டுக்காரர் முகம் அப்புறம்தான் தெரியும். கம்ப்ரெஸர் கிளம்பப் பார்க்கிறது, முடியவில்லை, ரிலே வெட்டிவிடுகிறது, கொஞ்சம் பொறுத்து மறுபடி கிளம்பப் பார்க்கிறது. நீங்களும் கேட்டிருப்பீர்கள். கேட்டுவிட்டு, "நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு" என்று அதன் தலையில் ஒரு தட்டும் தட்டியிருப்பீர்கள்.

ஃபிரிட்ஜ் மெக்கானிக் தொழில் சந்தேகத்தில் ஓடுகிற தொழில். வீட்டுக்காரர் என்னைச் சந்தேகப்படுவார். நான் அவர் வீட்டு சுவிட்ச் போர்டைச் சந்தேகப்படுவேன். இரண்டு பேரும் சேர்ந்து கடைக்காரரைச் சந்தேகப்படுவோம். நான் இதை யாரிடமும் முறையாகக் கற்றவனில்லை. உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் ரொம்ப வருஷமாக ராத்திரி ஆபரேட்டர். பெரிய கம்ப்ரெஸர் ஓடுவதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்ததில் சின்னதின் சீக்கு புரிய ஆரம்பித்தது. காயலான் கடையில் கிடந்த பெட்டிகளைப் பிரித்துப் பார்த்து மிச்சத்தைத் தெரிந்துகொண்டேன். பகலில் படுத்தால் தூக்கம் வராது. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பதற்கு நாலு வீட்டுக்குப் போய்த் திட்டு வாங்கலாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

இங்கே எழுதியிருப்பதில் பெரும்பகுதி மானாம்பதியில் ஒரே வீட்டில் நடந்தது. ஃபிரிட்ஜ் வைத்திருக்கும் என் இனத்து ஜனங்களே, படித்துவிட்டு உங்கள் வீட்டுப் பிளக்கை ஒரு தரம் போய்ப் பாருங்கள்.

நல்ல நேரம்

தை மாசம், ஒரு வெள்ளிக்கிழமை. ஏழுமலை என்ற விவசாயி வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்தது. சின்ன லோடு வண்டியில், வைக்கோல் மேல் மல்லாக்கப் படுத்துக்கொண்டு வந்தது. கடையில் நிமிர்த்திக் கட்டித்தான் அனுப்பினார்களாம். தெருவில் கேபிள் ஒயர் இடிக்கும் என்று டிரைவர் வழியிலேயே சாய்த்துவிட்டார். படுத்து வந்த ஃபிரிட்ஜை உடனே ஓடவிடக் கூடாது. கம்ப்ரெஸருக்குள் இருக்கிற எண்ணெய் குழாய்களில் ஏறியிருக்கும். அது கீழே இறங்குகிறவரை நாலைந்து மணி நேரம் நிமிர்த்தி வைக்க வேண்டும். சொன்னேன். ஏழுமலையின் மனைவி கஸ்தூரி கற்பூரத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். "பத்தரையோட நல்ல நேரம் முடியுதுண்ணா. அதுக்குள்ள ஓடணும்" என்றாள்.

பத்தரைக்குப் பத்து நிமிஷம் இருந்தது. தெருவில் பாதிப் பேர் சமையற்கட்டில் நின்றார்கள். எண்ணெய் முக்கியமா, நேரம் முக்கியமா என்று அந்தக் கூட்டத்தில் ஓட்டெடுத்தால் நான் தோற்றுப்போவேன். அதனால் ஸ்டெபிலைசரை மட்டும் செருகி சுவிட்சைப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. அதற்குக் கற்பூரம் காட்டினார்கள். ஃபிரிட்ஜின் நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். மூணு மணிக்கு மேல்தான் பெட்டியை ஓடவிட்டேன். அதுவரை ஏழுமலை அதற்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மணிக்கொரு தரம் கதவைத் திறந்து உள்ளே கையை விட்டுப் பார்த்தார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் இதைத்தான் சொன்னார்:

"வெளக்கு எரியுது, கற்பூரம் எரியுது, உள்ள மட்டும் சூடா கீது. மொத நாளே நம்ம தலையில மொளகா அரைக்கிறானா இந்த ஆளு?"

மூணு ஓட்டை

அந்த இடைவேளையில் நான் சும்மா இருக்கவில்லை. சுவரில் இருந்த பிளக் பாயின்டைக் கழற்றிப் பார்த்தேன். வெளியே மூணு ஓட்டை. உள்ளே இரண்டு ஒயர். மேலே இருக்கிற பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, வெறும் சிமென்ட். நம் பக்கத்து வீடுகளில் பத்துக்கு எட்டில் இதுதான் கதை. அந்த மூணாவது பின் அழகுக்கு வைத்ததல்ல. ஃபிரிட்ஜின் தகரத்தில் தப்பித் தவறி கரண்ட் இறங்கினால், அது நம் கை வழியாகப் போகாமல் மண்ணுக்குப் போக ஒரு வழி. அதற்கு வீட்டுக்குப் பின்னால் ஒரு எர்த் குழி வேண்டும். குழி எடுத்து, இரும்புப் பைப் இறக்கி, கரியும் உப்பும் கொட்டி, பைப்பிலிருந்து ஒயர் இழுத்துச் சமையற்கட்டுக்குக் கொண்டுவர வேண்டும். "ஷாக் அடிக்காத பொட்டிக்கு எதுக்குய்யா குழி?" என்று ஏழுமலை கேட்டார். குழி இல்லாமல் ஃபிரிட்ஜைப் போட மாட்டேன் என்று நான் பையை மூடினேன். முனகிக்கொண்டே மண்வெட்டி கொடுத்தார்.

அந்த வீட்டைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அப்பா கட்டிய ஒரே வீட்டை அண்ணன் தம்பி நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் ஏழுமலை. அந்தப் பக்கம் தம்பி தாமு. தாமுவின் மனைவி வள்ளி காலையும் சாயங்காலமும் கிரைண்டரில் இட்லி மாவு அரைத்துத் தெருவுக்கு விற்கிறாள். இரண்டு குடும்பத்துக்கும் மூணு வருஷமாகப் பேச்சு இல்லை. கொல்லையும் அங்கிருக்கிற அடிபம்பும் மட்டும் பொது. நான் குழி வெட்டுவதை வள்ளி பம்பு பக்கம் நின்று பார்த்தாள். தாமுவும் வந்து பார்த்தார். பைப் இறக்கினேன், கரி போட்டேன், உப்பு போட்டேன். உப்பைக் கண்டதும் வள்ளியின் கண் விரிந்தது. வெயில் காலத்தில் மண் காய்ந்துவிடும், வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள் என்று கஸ்தூரியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். வள்ளி எனக்குக் கேட்கிற மாதிரி அடிபம்பிடம் சொன்னாள்:

"கரி, உப்பு, அப்பறம் தண்ணி. எங்க வூட்டுப் பக்கமா பாத்து எதையோ பொதைக்கிறாங்க. எனக்குத் தெரியாதா இன்னா?"

ராஜகுளத்துக் கத்தி

நடுவே வேறு வீடு ஒன்று. ராஜகுளத்தில் பட்டு நெய்கிறவர். ஃப்ரீஸரில் ஐஸ் மலையாகக் கட்டிவிட்டது. சுவிட்சை அணைத்துக் கதவைத் திறந்து வைத்தால் தானாகக் கரையும். அவருக்குப் பொறுமை இல்லை. இளநீர் வெட்டும் கத்தியால் கொத்தியிருக்கிறார். 'புஸ்' என்று ஒரு சத்தம். உள்ளே இருந்த வாயு போய்விட்டது. இப்போது வருகிற பெட்டிகளில் இருப்பது தீப்பிடிக்கிற வாயு. நல்லவேளை, அடுப்பு எரியவில்லை. சன்னலைத் திறந்து விடுங்கள், எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், தீக்குச்சி கிழிக்காதீர்கள் என்று போனிலேயே கத்திவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

போய்ப் பார்த்தால் ஓட்டை கத்தியின் அகலத்துக்கே இருந்தது. பக்கத்தில் கத்தியும் இருந்தது. காட்டினேன். அவர் கத்தியையும் பார்த்தார், ஓட்டையையும் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். நான் ஆறு மாசத்துக்கு முன்னால் கதவு ரப்பர் மாற்றப் போயிருந்தவன். அவர் கேட்டார்:

"நீ அன்னிக்கு வந்தப்பவே பாதி காத்தப் புடுங்கிக்கினு போயிட்ட. மீதிதான இப்ப போச்சு?"

பதினோரு மணி

சித்திரை பிறந்து நாலு நாள். கஸ்தூரி போன் பண்ணினாள். குரல் சரியில்லை. காலையில் மாடு கறந்து, கைகால் கழுவிக்கொண்டு பால் வைக்கக் கதவைத் தொட்டிருக்கிறாள். தூக்கி அடித்துவிட்டது. சொம்பு ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். இடது கை தோள் வரைக்கும் மரத்துப்போய் அரை மணி நேரம் கழித்துத்தான் வந்ததாம். நான் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. டெஸ்டரைத் தகரத்தில் வைத்தேன். எரியவில்லை. கைப்பிடி, பக்கவாட்டு, பின்னால் கம்ப்ரெஸர், எங்கேயும் எரியவில்லை. ஒயரெல்லாம் பிரித்து அளந்தேன். கசிவு இல்லை. பெட்டி குழந்தை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். நான் அந்தக் கதவையே பார்த்தேன். ஒரு பொம்பளை ஒரு நாளைக்கு இருபது தடவை தொடுகிற கதவு. கை ஈரம், கால் வெறுங்கால், சிமென்ட் தரை. ஒரு தடவை அவளால் கையை எடுக்க முடியாமல் போனால் முடிந்தது. அந்த வீட்டில் ஒயர் இழுத்தவன் நான். சர்டிபிகேட் இல்லாதவன். தப்பு எங்கே என்று தெரிகிற வரைக்கும் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள் என்றேன். "வெயில் காலத்துல பிடுங்கி வெக்கவா வாங்கினோம்?" என்றார் ஏழுமலை. சரி, ரப்பர் செருப்பாவது போட்டுக்கொண்டு, கையைத் துடைத்துவிட்டுத் தொடம்மா என்று கஸ்தூரியிடம் கெஞ்சினேன். சமையற்கட்டில் செருப்பா என்று அவள் முகம் சுளித்தாள். ஏழுமலை தன் உள்ளங்கையைத் தகரத்தில் பட்டென்று அடித்துக் காட்டினார்:

"எங்க அடிக்குது? உன்னக் கண்டா ஒளிஞ்சிக்குதா?"

சாயங்காலக் குடம்

அடுத்த வாரம் கஸ்தூரிக்கு இரண்டு தடவை அடித்தது. இரண்டும் காலையில். இந்தத் தடவை டூட்டிக்குப் போகும் வழியில், சாயங்காலம் ஐந்தரைக்குப் போனேன். டெஸ்டர் அப்போதும் எரியவில்லை. ஏழுமலை களத்துக்குப் போயிருந்தார். கஸ்தூரி கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினாள். "அண்ணா, இது கரண்டு சமாச்சாரம் இல்ல. அவ கிரைண்டரப் போட்டாத்தான் எனக்கு அடிக்குது. வூட்டுக்கு வூடு ஃபிரிட்ஜ் வந்து, ஒரு வாரத்து மாவ அரைச்சி வெச்சிக்கினா அவகிட்ட எவ மாவு வாங்குவா? அந்த வயித்தெரிச்சல். சாயங்காலம் ஆனா ஒரு குடம் தண்ணி அடிச்சி அந்தக் குழியில ஊத்துறா. வாய்க்குள்ள என்னமோ சொல்லிக்கினே ஊத்துறா. ஊத்தினா அன்னிக்கு ராவுக்கு அடிக்கிறதில்ல. விடிஞ்சா மறுபடியும் அடிக்குது. நீங்க வர்ற நேரத்துக்குக் கட்ட அவுத்து வுடுறாண்ணா." ஃபிரிட்ஜ் கைப்பிடியில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

இந்த இடத்தில் நான் ஒரு முட்டாள்தனம் பண்ணினேன். அவள் சொன்னது முழுக்க என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. அவள் செய்வினையைச் சொல்கிறாள் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் தள்ளிவிட்டேன். போதாததற்கு, குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னதை இந்த ஊரில் கேட்டு நடந்த ஒரே ஆள் வள்ளிதான் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். பேயெல்லாம் இல்லம்மா, நான் கண்டுபிடிக்கிறேன் என்றேன். அவள் மிளகாயைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்:

"நீங்க கரண்டத் தேடுங்கண்ணா, நான் ஆளத் தேடுறேன்."

கட்டிங் பிளேயர்

இரண்டு நாள் கழித்து மானாம்பதி டீக்கடையில் என் பெயர் அடிபட்டது. ஏழுமலை தானே வைத்தியம் பண்ணிவிட்டாராம். கட்டிங் பிளேயரை எடுத்து, ஃபிரிட்ஜ் பிளக்கின் மூணாவது பின்னை அடியோடு வெட்டிவிட்டார். அன்றிலிருந்து ஷாக் இல்லை. காலையிலும் இல்லை, மாலையிலும் இல்லை. நான் ஓடினேன். பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். சின்ன வெள்ளி மொட்டு மாதிரி பின்னின் வேர் மட்டும் மின்னியது. மறுபடி செருகினேன். டெஸ்டரை வைத்தேன். ஏழுமலை சொன்னது நிஜம். சுத்தமாக இல்லை.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். காப்பாற்றுவதற்கு என்று நான் குழி வெட்டிப் போட்ட ஒயர்தான் அந்த அம்மாவை அடித்திருக்கிறது. வெட்டிப் போட்டதும் நின்றுவிட்டது. ஆனால் அது இல்லாமல் விட்டால், என்றைக்காவது கம்ப்ரெஸரில் நிஜமாகவே கசிவு வந்தால் அவ்வளவு கரண்டும் கஸ்தூரியின் கைக்காகத் தகரத்தில் காத்துக்கொண்டிருக்கும். இதை நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். டீக்கடையிலிருந்து பின்னாலேயே வந்த கூட்டம் வாசலில் நின்று கேட்டது. ஏழுமலை பிளேயரைத் துண்டால் துடைத்து மடியில் செருகிக்கொண்டார்:

"நீ போட்டப்ப அடிச்சிது, நான் வெட்டினேன் நின்னு போச்சி. இப்ப சொல்லு, யாரு மெக்கானிக்கு?"

மோட்டார் கொட்டாய் பல்பு

நிலையத்தில் என்னோடு வேலை பார்க்கிற தேவராஜ் பகலில் விவசாயி. பால் கேன் கழுவிக்கொண்டே நான் புலம்புவதைக் கேட்டார். எர்த் ஒயர் கரண்டைக் கொண்டு போகும், கொண்டு வராது, இங்கே கொண்டு வருகிறதே என்று நான் மூணாவது தடவையாகச் சொன்னபோது அவருக்கு அலுத்துவிட்டது. "இதுக்கா இவ்ளோ பேஜார்? எங்க மோட்டார் கொட்டாய்ல பல்பு எப்பிடி எரியுதுன்னு நெனச்ச? பம்புசெட்டு லைன்ல நியூட்ரல் கிடையாது, அதான் கரண்டு திரும்பிப் போற ஒயரு. பல்புக்கு ஒரு ஒயர லைன்ல மாட்டுவோம், இன்னொண்ண போர் பைப்புல கட்டுவோம். மண்ணே நியூட்ரல். எரியும்" என்றார்.

அது ஆளைக் கொல்கிற வேலை என்று நான் ஆரம்பித்தேன். அவர் கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தன் பல்பைப் பழித்துவிட்டேன் என்கிற ரோஷத்தில் சொன்னார்:

"நல்லா எரியும்யா. வெயில்ல மண்ணு காஞ்சா கொஞ்சம் மங்கும், பைப்பு கிட்ட ஒரு குடம் தண்ணி ஊத்தினா பளிச்சுன்னு ஆயிடும்."

கறுப்பு ஒயர்

விடிந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. நேராக மானாம்பதி. ஆறே முக்காலுக்குக் கொல்லையில் நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் வள்ளியின் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஓட முடியாமல் ஓடுகிற சத்தம். டெஸ்டரை என் எர்த் பைப்பின் தலையில் வைத்தேன். எரிந்தது. எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் எரியக் கூடாத இடத்தில் எரிந்தது. முதலில் தாமு வீட்டு வாசலுக்குப் போய் மெயினை அணைக்கச் சொன்னேன். அப்புறம் பைப்பைச் சுற்றி மண்ணைத் தள்ளினேன். என் பச்சை ஒயருக்குக் கீழே, அதே கிளாம்பில், இன்சுலேஷன் டேப் சுற்றிய கறுப்பு ஒயர் ஒன்று. மண்ணுக்குள்ளேயே ஓடித் தாமுவின் சுவரில் ஏறியது. "எங்க ஒயர இன்னாத்துக்குத் தொடுற? அவங்க ஏவி வுட்டாங்களா?" என்று வள்ளி மாவுக் கையோடு ஓடி வந்தாள்.

தாமு மறைக்கவில்லை. பங்குனியில் ஒரு நாள் அவர் வீட்டில் எல்லாம் அணைந்துவிட்டது. இரண்டு மீட்டரும் அண்ணன் வீட்டு முகப்பில் இருக்கின்றன. தாமுவின் லைன் அண்ணன் சமையற்கட்டுப் பரண் மேல் ஓடித்தான் அந்தப் பக்கம் போகிறது. அங்கே எலி நியூட்ரல் ஒயரைக் கடித்திருக்க வேண்டும். சரிசெய்ய வேண்டுமானால் அண்ணன் வீட்டுக்குள் போக வேண்டும். போவதற்குக் கேட்க வேண்டும். கேட்பதற்குப் பேச வேண்டும். அதைவிட மண்ணைத் தோண்டுவது சுலபமாக இருந்திருக்கிறது. வயலில் பழகிய கை. கிரைண்டரை ஓட்டுகிற கரண்ட் திரும்பிப் போக என் குழியில் கட்டிவிட்டார். மண் காய்ந்ததும் அந்தக் கரண்டுக்குப் போக வழி இல்லாமல் பைப்பிலேயே தேங்கி, என் பச்சை ஒயர் வழியாக அண்ணி கைக்கு ஏறியிருக்கிறது. கிரைண்டர் சரியாகச் சுற்றாதபோது தண்ணீர் ஊற்று என்று வள்ளியிடம் சொல்லியிருக்கிறார். அவள் வாய்க்குள் சொன்னது புருஷனைத் திட்டியதுதான். எல்லாம் விளக்கி முடித்ததும் தாமு என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்:

"எர்த்து, நியூட்ரல், ரெண்டும் மண்ணுக்குத்தான போவுது? நீ நல்லா ஆழமா போட்டிருந்தியேன்னுதான் உன் குழியில கட்டினேன்."

பரண்

கறுப்பு ஒயரை நான் அவிழ்த்தேன். அவிழ்த்தால் தாமு வீடு இருட்டு. நான் தெரு முனை திரும்புவதற்குள் மறுபடி கட்டிவிடுவார் என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. கட்டினால் அடுத்த அடி யாருக்கு என்பது எனக்குத் தெரியும். வழி ஒன்றுதான், பரண். ஏழுமலையிடம் போய், லைன் ஓடும் வழி தெரிந்த தாமுவும் கூட ஏற வேண்டும் என்று சொன்னேன். "அவன் இந்தப் படி ஏறக் கூடாது" என்றார். கஸ்தூரி தரையில் உட்கார்ந்து முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சொன்னது முழுவதையும் கேட்டாள். முறத்தைத் தள்ளி வைத்தாள். கொட்டகையிலிருந்து ஏணியை எடுத்து வந்து பரணில் சாத்தி, அடியில் காலை வைத்து மிதித்துக்கொண்டாள். "அடி வாங்கினது நான். ஏறட்டும்" என்றாள். ஏழுமலை ஏணிக்கு வழி விட்டு நகர்ந்தார்.

இரண்டு மெயினையும் அணைத்தோம். மூணு வருஷம் கழித்துத் தாமு அந்தச் சமையற்கட்டுக்குள் வந்தார். அண்ணன் தம்பி பேசிக்கொள்ளவில்லை. எல்லாம் என் வழியாக நடந்தது. "மெக்கானிக்கு, அந்த மூங்கில் உளுத்துப் போயிருக்கு, கால வெக்க வேணாம்னு சொல்லு." "மெக்கானிக்கு, இந்த வூட்ட எனக்கும் தெரியும்னு சொல்லு." நான் எதையும் சொல்லவில்லை, இருவருக்கும் காது நன்றாகக் கேட்டது. எலி கடித்த இடம் அகப்பட்டது. ஒயரைப் புதிதாக பைப்புக்குள் விட்டு இழுத்தோம். தாமுவின் மெயினில் நியூட்ரலை அதன் இடத்தில் மாட்டினேன். ஃபிரிட்ஜுக்கு மூணு பின் உள்ள புதுப் பிளக் போட்டேன். கசிவு வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் லைனை வெட்டிவிடுகிற கருவி ஒன்று இருக்கிறது. அதை இரண்டு மீட்டருக்கும் வாங்கி வைக்கச் சொல்லி, மறு நாளே கூட இருந்து மாட்டினேன். அதெல்லாம் அப்புறம். அன்றைக்குச் சோதித்துப் பார்க்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி. தாமு போய்க் கிரைண்டரைப் போட்டார். நல்ல வேகத்தில் சுற்றுகிற சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. டெஸ்டர் எரியவில்லை. பைப்பிலும் எரியவில்லை. தொட்டுப் பாரும்மா என்றேன்.

கஸ்தூரி தொடவில்லை. "அவ தொடட்டும்" என்றாள். கொல்லைக் கதவருகே நின்ற வள்ளி உள்ளே வந்தாள். யாரும் கூப்பிடவும் இல்லை, தடுக்கவும் இல்லை. கையிலிருந்த மாவைக் கழுவினாள். துடைத்துக்கொண்டு தொடு என்று நான் சொல்வதற்குள் ஈரக் கையை அப்படியே எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் அழுத்தினாள். பத்து எண்ணுகிற நேரம் எடுக்கவில்லை. அவள் கண் கஸ்தூரியின் மேலேயே இருந்தது. ஏழுமலை எட்ட நின்று, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வள்ளி கையை எடுத்து, உள்ளங்கையைத் திருப்பிக் கஸ்தூரிக்குக் காட்டினாள். கஸ்தூரி கிட்டே போய், அவள் கை பட்ட இடத்திலேயே தன் கையை வைத்தாள். வைத்துக்கொண்டே சொன்னாள்:

"தண்ணி ஊத்தும்போது ஏன் ஊத்துறன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல? நான் உன்ன இன்னா இன்னாவோ நெனச்சிப்புட்டேன்டி."

ஃபிரிட்ஜ் மாட்டுவது அரை நாள் வேலை, அது நிற்கிற வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் மூணு மாசம் பிடிக்கிறது.

நான் பையைக் கட்டினேன். வள்ளி மாவைப் பார்க்கப் போய்விட்டாள். கஸ்தூரி முறத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கீரையை ஆயத் தொடங்கினாள்.